பாத்தீங்களா, நெனச்சீங்களா?

காரைக் கொண்டுபோய் நிறுத்தி, "பம்ப்பு போயிடுச்சுண்ணே, மாத்திடுங்க" என்று யார் சொன்னாலும் அந்த மெக்கானிக் உடனே வண்டியைப் பார்க்க மாட்டார். சொன்னவர் முகத்தைப் பார்ப்பார். கையிலிருக்கிற பழந்துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டே கேட்பார்.

"பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

வந்தவர் விழிப்பார். பம்ப்பு டேங்க்குக்குள் இருக்கிறது, அதை யார் பார்க்க முடியும்? "இல்லண்ணே, மேடு ஏறும்போது இழுக்க மாட்டேங்குது, அதான்" என்பார். இழுக்கவில்லை என்பது பார்த்தது, பம்ப்பு என்பது நினைத்தது, பார்த்ததை மட்டும் சொல்லுங்கள் என்று பதில் வரும். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் இருந்தது அவருடைய தகரக் கொட்டகை. தலைக்கனம் பிடித்த ஆள் என்று சொல்லிவிட்டு அங்கிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் நிறைய பேர். நானும் முதல் நாள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் நின்றேன். நாள் முழுக்கப் பிள்ளைகளைக் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குகிறவளை இன்னொருவர் கேள்வி கேட்டால் எரிச்சல் வராதா?

பெயரைப் போடாமல்தான் எழுதுகிறேன். போட்டுவிட்டால் யாராவது கொண்டுபோய் அவரிடம் காட்டுவார்கள். "இதுல பாதி டீச்சர் நெனச்சது" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் கார் மட்டுமில்லை. கல்வராயன் மலையில் பெட்டிக்கடை வைத்திருந்த ஒரு பெண். என் வாயால் அவள் கடையைப் பூட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போகிற நிலைக்கு வந்தாள். அதைச் சொல்வதற்கு முன்னால் இந்த மனிதரை இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

என்னிடம் இருந்தது என் கொழுந்தனார் ஓட்டித் தேய்த்துவிட்டுக் கொடுத்த பெட்ரோல் கார். இருபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்த புதிதில் செய்த வண்டி. டேங்க்குக்குள் உட்கார்ந்திருக்கிற மின்சாரப் பம்ப்பு பெட்ரோலை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்பும். அந்த அழுத்தம் குறைந்தால் வண்டி இருமும், அப்புறம் நின்றுவிடும். குறைவதற்குப் பத்துக் காரணம் இருக்கலாம். மற்றவர்கள் அந்தப் பத்தில் எது விலை ஜாஸ்தியோ அதை முதலில் மாற்றிவிட்டு, சரியாகிறதா என்று பார்ப்பார்கள். அவர் வரிசையாகத்தான் போவார். பின்சீட்டைத் தூக்கி, கீழே காதை வைத்துக்கொண்டு, சாவியைத் திருப்பச் சொல்வார். பம்ப்பு இரண்டு விநாடி முனகிவிட்டு அடங்க வேண்டும். அந்த இரண்டு விநாடி கொட்டகையில் யாரும் பேசக் கூடாது. ஒரு தடவை அந்த நேரம் பார்த்து என் செல்போன் அடித்தது. அவர் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அப்புறம் ஃபியூஸ், ரிலே, ஃபில்டர், கடைசியில் அழுத்தத்தை முள்ளால் காட்டுகிற கேஜ். வட்டமான அந்தக் கேஜ் அவருடைய மேஜையில் தனித் துணியில் சுற்றி இருக்கும்.

கோர்ட்டு வக்கீல் ஒருவர் காருக்கு வேறு இடத்தில் இரண்டு தடவை பம்ப்பு மாற்றியிருந்தார்கள். வேகத்தடையில் ஏறி இறங்கினால் இன்னமும் நின்றது. இவர் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு, ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒவ்வொரு ரிலேயாகத் தட்டினார். மூன்றாவதைத் தட்டியதும் எஞ்சின் அணைந்தது. பம்ப்புக்கு மின்சாரம் விடுகிற ரிலே, அதன் கால் சரியாகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். "வக்கீல் சார், பம்ப்ப ஜாமீன்ல வுட்ருங்க" என்றார். அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இந்தக் குணம் கொட்டகையோடு நின்றிருந்தால் நல்ல மெக்கானிக் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். எதிரில் இருந்த டீக்கடையிலும் இதே கேள்விதான். யார் வீட்டுப் பெண் யாரோடு பைக்கில் போனது என்று ஒருவர் ஆரம்பித்தால், "பாத்தியா, நெனச்சியா?" என்பார். பேச்சு அத்தோடு செத்துப்போகும். அவர் வந்து உட்கார்ந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் மழையைப் பற்றிப் பேசுவார்கள்.

கொட்டகைக்குப் பின்னால்தான் வீடு. அவர் மனைவி எனக்கு மோர் கொண்டுவந்து கொடுக்கும்போது ஒரு கதை சொன்னார். ஒரு நாள் ஜுரம் என்று அந்த அம்மா படுத்திருக்கிறார். வீட்டுக்காரர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. மருந்துக்கடைக்குப் போய் தெர்மாமீட்டர் வாங்கிவந்து வைத்து, நூற்றைத் தாண்டியதைப் பார்த்த பிறகுதான் அடுப்பில் கஞ்சி வைத்தாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டம்ளரை வாங்கும்போது சிரிப்பு இல்லை.

"நூறுக்குக் கம்மியா காட்டியிருந்தா கஞ்சி கெடையாதா டீச்சர்?"

எதையும் நம்பாத ஆளோடு ஒரே வீட்டில் எப்படித்தான் இருப்பது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எதையும் என்று சொல்லக் கூடாது. வருஷத்தில் ஒரு நாள் அவரும் கேள்வி கேட்க மாட்டார். ஆயுத பூஜையன்று தலைக்குக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கிண்ணத்தில் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து வைத்துக்கொள்வார். வாடிக்கைக்காரர்கள் வண்டியைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்துவோம். பொட்டு வைப்பது அவர் மட்டும்தான், வேறு யாரையும் தொட விட மாட்டார். பானெட், ஸ்டியரிங், நாலு சக்கரம், கடைசியாகப் பெட்ரோல் டேங்க்கு மூடி. வெளியே இருக்கிற சின்னக் கதவைத் திறந்து, உள்ளே இருக்கிற மூடியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தி வைத்து, அதன் மேல் குங்குமம். வண்டி சாப்பிடுகிற வாய் இல்லையா, அதற்கு வைக்காமல் விடலாமா என்பார்.

அந்த வருஷமும் வைத்தார். பூஜை லீவு முடிந்து நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தேன்.

அப்போது எனக்கு வேலை மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே. தினமும் கள்ளக்குறிச்சியிலிருந்து காரில் ஏறி இறங்கினேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில்தான் அந்தப் பெண்ணின் கடை. பீடி, பிஸ்கட், சோப்பு, அதோடு பாட்டிலில் பெட்ரோல். பாட்டிலில் விற்கக் கூடாதுதான். ஆனால் பங்க்குக்கு அத்தனை தூரம் போய் வருவதற்குள் போட்ட பெட்ரோலில் கால்வாசி தீர்ந்துவிடும். அந்தச் சுற்று வட்டாரத்து பைக்குகள் எல்லாம் அவள் பாட்டிலில்தான் ஓடின. கடை நின்றதே அந்தப் பெட்ரோலால்தான். அவள் புருஷன் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் வேலை பார்த்தான். கடை இருக்கிறது என்பதால்தான் இவள் கூடப் போகவில்லை, இவள் போகாததால்தான் மகள் பள்ளிக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்தாள். மகள் என் ஏழாம் வகுப்பு.

லீவு முடிந்த முதல் நாள் சாயங்காலம் பெட்ரோல் முள் கீழே இருந்தது. அவளிடம் இரண்டு பாட்டில் வாங்கி ஊற்றிக்கொண்டு இறங்கினேன். மறுநாள் காலை மலை ஏறும்போது மூன்றாவது வளைவில் வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது. இறங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். என்னவோ மாதிரி இருந்தது. திரும்ப ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. அதற்கடுத்த இரண்டு நாளும் அப்படியே. மூன்று நாள் தொடர்ந்து தாமதம். தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. நேராக அவள் கடைக்குப் போய், "பெட்ரோல்ல தண்ணி கலந்து விக்கிறியே, மனசாட்சி இருக்கா?" என்று கேட்டேன். பைக்கோடு நின்றவர்கள், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இல்லைங்க டீச்சர், வாங்கியதை அப்படியேதான் ஊற்றி வைத்திருக்கிறேன் என்றாள். நான் கேட்கவில்லை. ஒரு டீச்சர் காரில் வந்து இறங்கிச் சொன்னால் அது என்ன சாதாரணப் பேச்சா? அந்த வாரமே பைக்குகள் அந்தக் கடையைத் தாண்டிப் போக ஆரம்பித்தன.

அடுத்த வாரமும் கார் நின்றுகொண்டேதான் இருந்தது. தண்ணீர் இன்னும் டேங்க்கின் அடியில் கிடக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அவள் மகள் என் மேஜைக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை வேனில் அம்மாவும் தானும் கேரளா போவதாகச் சொன்னாள். கடைக்கு யாரும் வருவதில்லையாம். புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், வைத்துக்கொள் என்றேன். ஆனாலும் தப்பு செய்தது அவள் அம்மாதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் காரை அவரிடம் கொண்டுபோனேன். டேங்க்கை இறக்கிக் கழுவி, பம்ப்பையும் மாற்றிவிடுங்கள் என்றேன். மலையில் ஒருத்தி தண்ணீர் கலந்த பெட்ரோலை ஊற்றிவிட்டாள் என்றேன்.

"தண்ணியப் பாத்தீங்களா?"

கேட்பார் என்று தெரிந்துதான் போனேன். இருந்தாலும் சுருக்கென்றது. அவர் மூடியைத் திறந்து, குழாய் விட்டு டேங்க்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டில் பெட்ரோல் எடுத்தார். சுவர் மேல் வைத்தார். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும், காலையில் பார்க்கலாம் என்றார். கேஜை மாட்டி எஞ்சினை ஓட்டினார். முள் மூன்றில் போய் அசையாமல் நின்றது. மூடியைத் திறந்து பெட்ரோல் எடுத்த பிறகுதான் கேஜை மாட்டினோம் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது உறைக்கவில்லை.

காலையில் போனேன். பாட்டிலின் அடியில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. அவர் ஒரு கேள்விதான் கேட்டார். அந்தம்மாவிடம் பெட்ரோல் ஊற்றியதற்கு முந்தின ஏற்றம் எப்படி இருந்தது? அதில் என்ன இருக்கிறது என்று வாயைத் திறந்தவள் நிறுத்திக்கொண்டேன். லீவு முடிந்த முதல் நாள் காலையிலேயே, அதே மூன்றாவது வளைவில், வண்டி ஒரு தடவை இருமியது. கியரை நான் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு ஏறிவிட்டேன். பெட்ரோல் வாங்கியது அன்று சாயங்காலம்.

அவரிடம் அதைச் சொன்னேன். நீளமான ரப்பர் குழாயில் கேஜை மாட்டி, பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, கண்ணாடிக்கு முன்னால் முள் தெரிகிற மாதிரி டேப் போட்டு ஒட்டினார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, மலைக்கு விடச் சொன்னார்.

கச்சிராயபாளையம் வரை முள் மூன்றில் இருந்தது. மலையில் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பின்சீட்டுக்குக் கீழே பம்ப்பின் சத்தம் இழுத்துப் பிடித்துக் கத்துவது போல மாறியது. மூன்றாவது வளைவு தாண்டி வண்டி நின்றது. வழக்கமாக நின்றால் என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள் என்றார். நான் இறங்கிப் பின்னால் போய் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம். கண்ணாடிக்கு முன்னால் நின்றவர் சாவியைத் திருப்பச் சொன்னார். முள் துள்ளி மூன்றுக்கு வந்தது.

"மூடியத் தெறப்பேன்னு நீங்க சொல்லவே இல்லியே டீச்சர்."

மோந்து பார்ப்பதற்காகத் திறப்பேன், அதையெல்லாம் போய் சொல்லுவார்களா என்றேன். பத்து நாளாக நானே கோளாறைச் சரிசெய்துவிட்டு, நானே அவளைத் திட்டிக்கொண்டு ஏறியிருக்கிறேன்.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே முடித்திருப்பார்கள். அவர் வண்டியைத் திரும்ப அடிவாரத்துக்கு இறக்கச் சொன்னார். மூடியை இறுக்கிக்கொண்டு ஏறினோம், நின்றது. மறுபடி இறங்கி, மூடியைத் தளர்த்திக்கொண்டு ஏறினோம், மலை உச்சி வரை முள் அசையவில்லை. அங்கே ஓரமாக நிறுத்தச் சொல்லி, மூடியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்ரோல் குறையக் குறைய டேங்க்குக்குள் காற்று போக வேண்டும். அதற்கு இருந்த தனிக் குழாயை என் காரில் யாரோ எப்போதோ போல்ட் வைத்து அடைத்திருந்தார்கள். மிச்சம் இருந்தது மூடியின் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் மேல் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. ஓரத்தில் கட்டைவிரலின் ரேகை கூடத் தெரிந்தது.

தன் கட்டைவிரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பக்கத்திலேயே முள்செடி இருந்தது. ஒரு முள்ளை ஒடித்துக் குத்தி எடுத்துவிட்டு, ஓட்டை அடைத்திருந்தது டீச்சர், சரியாகிவிட்டது என்று சொல்லியிருந்தால் எனக்கு என்ன தெரியப்போகிறது?

"இது என் வெரலு" என்றார்.

அப்புறம் கேட்டார். "அந்தம்மாவ நீங்க திட்டினப்ப எத்தினி பேர் இருந்தாங்க?"

ஏழெட்டுப் பேர் என்றேன். ஏழா எட்டா என்றார். கண்ணை மூடி ஒவ்வொரு முகமாக எண்ணிப் பார்த்தேன். எட்டு. நேராகக் கடைக்கு விடச் சொன்னார்.

திங்கட்கிழமை அவள் மகள் வகுப்பில் இருந்தாள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வேன் அவர்கள் இல்லாமல்தான் போனது. அந்தக் கவலையோடு மற்றதைப் படிக்க வேண்டாம்.

நாங்கள் போனபோது கடையில் பாதிச் சாமான் மூட்டையில் ஏறியிருந்தது. அவள் என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காதவள் போல கயிற்றை முடிந்தாள். நான் அங்கேயே அவளிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார், மூடி கையிலேயே இருந்தது. மரவள்ளி ஏற்றி இறக்கிவிட்டு மூன்று பேர் வந்தார்கள். பைக்கில் இரண்டு பேர் நின்றார்கள். பஸ்ஸுக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். போதுமே அண்ணே என்று கண்ணால் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார், ஏழுதான். சாணிக் கூடையோடு ஒரு பெரியவர் வந்து நின்றதும் எழுந்தார்.

அவருக்குப் பேச வராது. மூடியைத் தூக்கிக் காட்டி, இந்த ஓட்டையை அடைத்தால் வண்டி நிற்கும், அடைத்தது இந்தச் சந்தனம், வைத்தது நான், இந்தம்மா பெட்ரோல் ஊற்றிய டேங்க்கின் அடியிலிருந்து எடுத்து ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்ததில் தண்ணீர் இல்லை என்று நாலு வாக்கியம் சொன்னார். என்னைப் பார்த்தார். நான் எழுந்து, அன்றைக்கு நான் சொன்னது தப்பு, பார்க்காமல் சொன்னேன் என்றேன். பைக்கில் வந்தவர்களில் ஒருவர், ஒரு பாட்டில் குடும்மா என்றார்.

அவள் அவரைத்தான் முதலில் பார்த்தாள். சாமிக்குத்தானே வைத்தீர்கள், அதில் என்ன தப்பு என்றாள். என் பக்கம் திரும்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"டீச்சர் சொன்னா தப்பா இருக்காதுன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு டீச்சர். இருக்கிற பாட்டில எல்லாம் ஒண்ணொண்ணா வெளிச்சத்துல புடிச்சுப் புடிச்சுப் பாத்துக்கினே இருந்தேன். எனக்குத் தண்ணி தெரியல. என் கண்ணுதான் சரியில்லன்னு நெனச்சுட்டேன்."

அவர் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை.

மூட்டையை அவிழ்த்து அவள் எடுத்துக் கொடுத்த பாட்டில்களில் ஒன்றை நானும் வாங்கினேன். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அதற்கு முன்னால் அவளிடம் வாங்கிய எந்தப் பாட்டிலையும் நான் அப்படிப் பார்த்ததில்லை.